இடது பக்கத்துச் சீட்டு

எங்கள் வீட்டில் ஒரு காலத்தில் இருந்த ஒரே வாகனம், இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய ஒரு ஸ்போர்ட்ஸ் கார். ஃபைபர் உடம்பு, மடக்கி வைக்கும் துணிக்கூரை, மஞ்சள் நிறம். தொண்ணூறுகளின் கடைசியில் கோயம்புத்தூரில் அந்த மாதிரிக் கார்கள் அதிகம் இல்லை. சிக்னலில் நின்றால் பக்கத்து லாரியின் சக்கரம் என் முகத்துக்கு நேராக இருக்கும். டவுன் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தவர்கள் என் மடியில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் மேற்கொண்டு போவார்கள்.

அதை வாங்கியது நான் இல்லை, என் கணவர். கார்ப் பைத்தியம். ஆசைப்பட்டு வாங்கிவிட்டு, சரியாக ஓட்டிக்கூடப் பார்க்காமல், மஸ்கட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டார். போகும்போது, "வாரத்துக்கு ஒருக்கா ஸ்டார்ட் பண்ணி வை, இல்லீன்னா பேட்டரி எறங்கிரும்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் ஒரு பாலிடெக்னிக்கில் கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு காரை நிறுத்தி வைத்துவிட்டு இரண்டு பஸ் மாறிப் போக எனக்கு என்ன தலையெழுத்தா? தினமும் அதிலேயே போக ஆரம்பித்தேன். சேலை கட்டிய ஆசிரியை ஒருத்தி அதிலிருந்து இறங்குவதைப் பார்க்க முதல் வாரம் மாணவர்கள் கேட்டில் நின்றார்கள். அடுத்த வாரம் அவர்களுக்கே அலுத்துவிட்டது.

வீட்டில் மிச்சம் இருந்தது நானும் என் மாமியாரும். அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அத்தைக்குக் காங்கேயத்தில் ஒரு தேங்காய் எண்ணெய் மில் இருந்தது. பெரிய மில் என்று சொல்ல முடியாது. முன்னால் கொப்பரை காயப்போடும் களம், பின்னால் இரண்டு எண்ணெய் மெஷின்கள், ஓரத்தில் ஓர் ஆபீஸ் ரூம். மாமனார் இறந்த பிறகு அத்தைதான் நடத்தினார். வாரம் தவறாமல் பஸ் பிடித்துப் போவார். போனதும் ஆபீசுக்குள் போகமாட்டார். செருப்பை ஓரமாக விட்டுவிட்டுக் களத்துக்குள் இறங்கி, காலால் கொப்பரையைக் கிளறி, அடியில் கிடப்பதை எடுத்து முறித்துப் பார்ப்பார். ஈரம் இருந்தால் அது ரப்பர் மாதிரி வளையும், முறியாது. அப்படி ஒன்று கிடைத்தால் அன்றைக்குக் களத்தில் யாருக்கும் டீ கிடையாது.

மாமனாரின் தம்பியும் அந்த மில்லில்தான் இருந்தார். எனக்குச் சின்ன மாமனார். கணக்கு வழக்கும் ஆள் வைப்பதும் அவர் பொறுப்பு. நல்ல மனிதர், யாரிடமும் குரலை உயர்த்தமாட்டார். ஆனால் மில் தன் கைக்கு வரவேண்டும் என்ற எண்ணம் அவருக்கு நெடுநாளாக உண்டு. அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். தெரிந்ததை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

ஒரு மழைக்காலத்தில் அத்தை மெஷின் பக்கத்தில் எண்ணெய் வழுக்கி விழுந்தார். தொடை எலும்பு மேலே இடுப்போடு சேருகிற இடத்தில் உடைந்துவிட்டது. ஆபரேஷன் செய்து, ஆணி வைத்து, மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தார். எழுந்து நடக்க ஆரம்பித்தபோது, நடக்கலாம், பஸ்ஸில் மட்டும் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அத்தை அன்று மாலையே என்னிடம் வந்து நின்றார்.

"உனக்கு சனிக்கெழமை லீவுதான அம்மணி? அந்த மஞ்சக் காருல என்னையக் கூட்டிட்டுப் போறியா?"

"போலாமுங்க அத்தை. ஆனா அது ரொம்பத் தாழ்வுங்க. ஒரு டாக்ஸி சொல்லட்டுங்களா?"

"டாக்ஸி வெச்சுட்டுப் போனா நோவாளின்னு நெனைப்பாங்க. இதுல போனா மருமக காருல வந்தான்னு நெனைப்பாங்க." கொஞ்சம் பொறுத்து இதையும் சொன்னார். "அங்க போயி நானா எறங்கோணும், நானா நடக்கோணும். நீ கை குடுத்து என்னைய எறக்கிவுட்டீன்னா, அன்னிக்கோட மில்லு உங்க சின்ன மாமனாருதுதான்."

அத்தை அழுத்திப் பேசியது அந்த ஒரு தடவைதான். எனக்கு அது மனதில் பதிந்துவிட்டது.

வீட்டு வாசலில் வைத்துப் பழகிப் பார்த்தோம். அந்தக் காரின் பழைய சீட்டு வெறும் தட்டைப் பலகை மாதிரி இருக்கும். அதன்மேல் ஒரு பவானி ஜமுக்காளத்தை நாலாக மடித்துப் போட்டுக்கொண்டார், உயரம் சரியாகிவிட்டது. இறங்கும்போது இரண்டு காலையும் ஒன்றாக வெளியே திருப்பி வைத்து, சீட்டின் ஓரத்தில் உள்ளங்கையை ஊன்றி, ஒரே மூச்சில் எழுந்துவிடுவார். மில் களத்தில் முதல் சனிக்கிழமை அப்படி எழுந்து நின்றபோது சின்ன மாமனார் ஆபீஸ் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "வாங்க அண்ணி, வாங்க" என்று சிரித்துக்கொண்டே வந்தார். அத்தை செருப்பை விட்டுவிட்டுக் களத்துக்குள் இறங்கினார். சில மாதம் இப்படியே போயிற்று.

இப்போது என் முதுகைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் காரைச் செய்தவர்கள் அதன் உடம்பின் வளைவு நெளிவுக்கு எடுத்துக்கொண்ட அக்கறையில் கால்வாசியைச் சீட்டில் காட்டவில்லை. நான் உட்காரும் வலது பக்கச் சீட்டின் ஸ்பாஞ்ச் சீக்கிரமே அப்பளமாகிவிட்டது. முதுகுக்கு ஒரு தலையணை, அடியில் ஒரு தலையணை என்று ஓட்டிக்கொண்டிருந்தேன். தினமும் காலேஜ், சனிக்கிழமை காங்கேயம் என்று ஆனதும் வலி இடுப்பிலிருந்து முழங்காலுக்கு இறங்கியது. கிளட்ச்சை மிதிக்கும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொள்வேன். டாக்டர் நல்ல யோசனை சொன்னார், காரை விற்றுவிடச் சொன்னார். விற்றால் அத்தையை யார் கூட்டிப்போவது? சீட்டை மாற்றுவது என்று முடிவு செய்தேன்.

மாற்றுவது லேசான காரியமாக இல்லை. கதவுக்கும் நடுவில் கியர் இருக்கும் மேட்டுக்கும் இடையில் அவ்வளவு குறுகலான இடம். சாதாரணக் கார் சீட்டு ஒன்றும் உள்ளே இறங்காது. இறங்கினாலும் தலை துணிக்கூரையில் முட்டும். மஸ்கட்டிலிருந்து வெள்ளிக்கிழமை போன் வரும். கணவர் வீட்டு நலம் விசாரித்ததைவிடச் சீட்டு நலம் விசாரித்ததுதான் அதிகம். "பக்கெட் சீட்டுப் போடு, ரேஸ் காருக்குப் போடறது. முதுகை அப்படியே புடிச்சுக்கும்" என்றார். ஐ.எஸ்.டி. காலில் இதைப் பேசினார்.

ரேஸ் கார் செய்யும் பட்டறைகளுக்குக் கோயம்புத்தூரில் பஞ்சமில்லை. திருச்சி ரோட்டுப் பக்கம் ஒரு ஷெட்டுக்குப் போனேன். பக்கெட் சீட்டு என்பது ஃபைபரில் செய்த ஒரு கூடு, அவ்வளவுதான். ரேஸ் ஓட்டுகிற பையன்கள் எல்லாம் ஒட்டடைக்குச்சிகள், அவர்கள் அளவுக்குச் செய்தது. நான் கொசுவத்தை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். பாதிக்குமேல் நான் உள்ளே போகவில்லை. பட்டறைக்காரர் மேலே கூரையைப் பார்த்துக்கொண்டு, "சீட்டு கொஞ்சம் சின்னதுங்க" என்றார். என் இடுப்பு பெரிது என்று அவர் சொல்லியிருந்தாலும் நான் கோபித்துக்கொண்டிருக்கமாட்டேன், அது அளந்து பார்க்கக்கூடிய உண்மை. ஆனால் அவர் செத்தாலும் சொல்லியிருக்கமாட்டார்.

இந்த இடத்தில் எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒருவர் ஆசைப்பட்டு வாங்கிய பொருளை அவர் முகத்துக்கு நேரே யாரும் குறை சொல்லமாட்டார்கள். புதுச்சேலை, புதுவீடு, புதுமாப்பிள்ளை எதுவானாலும் "நல்லா இருக்குதுங்க" என்பதுதான் பதில். கேட்டவரும் ஒரு தடவைதான் கேட்கவேண்டும். பதில் வந்த பிறகு மறுபடி கேட்டால், சொன்னவரை நம்பவில்லை என்று ஆகிவிடும். வெளியூரிலிருந்து வந்தவர்கள் இதை மரியாதை என்று புகழ்வார்கள். மரியாதைதான். அதோடு கூடவே குடித்தனம் நடத்துபவர்களுக்குத்தான் அதன் தொல்லை தெரியும்.

கடைசியில் உக்கடம் பக்கம் ஒரு சீட்டுக் கடையில் கிடைத்தது. வெளிநாட்டுக் கார்களிலிருந்து கழற்றிய சீட்டுகளை வாங்கி விற்கிற கடை. கடைக்காரர் முதலில் புதிதாகவே அடித்துத் தருகிறேன் என்று ஒன்றைச் செய்து காட்டினார். கல்யாண மண்டபத்து சோபா மாதிரி வந்திருந்தது, கழுத்தை வளைத்துத்தான் உட்கார முடிந்தது. பிறகு உள்ளேயிருந்து ஒரு ஜோடி சீட்டுகளைக் கொண்டுவந்தார். கறுப்புத் துணி, ஒடுக்கமான உடம்பு, முதுகுக்கும் தொடைக்கும் இரண்டு பக்கமும் வரப்பு மாதிரி உயர்ந்த மேடு. வளைவில் வண்டி திரும்பும்போது ஆள் சரியாமல் அந்த வரப்பு பிடித்துக்கொள்ளும் என்றார். வலது பக்கத்தில் ஒன்றை மாட்டிக் கொடுத்தார். நான் உக்கடம் குளத்தைச் சுற்றி ஒரு நடை ஓட்டிவிட்டு வந்தேன். இடுப்பில் யாரோ உள்ளங்கையை வைத்துத் தாங்கியது போல இருந்தது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு வலி இல்லாமல் கிளட்ச்சை மிதித்தேன். சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது. அதைக் கடைக்காரர் பார்க்கக்கூடாதென்று இன்னொரு சுற்றுச் சுற்றினேன்.

ஜோடியாகத்தான் தருவேன் என்றார். எனக்கும் ஒரு பக்கம் புதுசு, ஒரு பக்கம் பழசு என்று இருந்தால் பார்க்கச் சகிக்காது. இரண்டையும் மாட்டச் சொன்னேன். பழைய சீட்டுகளை அவரே எடுத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும் அத்தையை உட்காரவைத்தேன். வரப்புகளுக்கு நடுவில் ஜமுக்காளம் படியவில்லை. அதை எடுத்துவிட்டு உட்கார்ந்தார். நன்றாக உள்ளே இறங்கி உட்கார்ந்தார்.

"எப்படிங்க அத்தை இருக்குது? உங்களுக்கு ஒத்துவருதுங்களா?"

"நல்லா இருக்குது அம்மணி. மெத்துனு இருக்குது. நீ உள்ள போயி காப்பி வை, நான் சித்த உக்காந்திருந்துட்டு வாரேன்."

நான் உள்ளே போய்க் காப்பி வைத்தேன். அவர் வருவதற்குள் காப்பி ஆறிவிட்டது. ஆசையாக உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

அந்தச் சனிக்கிழமை மில்லில் காரை நிறுத்தியதும், "நீ போயி உங்க சின்ன மாமனாருகிட்டப் பேசிட்டிரு, நான் வாரேன்" என்றார். நான் ஆபீசில் உட்கார்ந்திருந்தேன், அவர் வரவில்லை. எட்டிப் பார்த்தால், காரில் இருந்தபடியே மேஸ்திரியைக் கூப்பிட்டு விசாரித்துக்கொண்டிருந்தார். ஒரு முறத்தில் கொப்பரையை எடுத்துவந்து காட்டினார்கள். முறித்துப் பார்த்தார், படீர் படீர் என்று முறிந்தது. அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரமும் அப்படியே. "அம்மா காருலயே ஆபீஸ் போட்டுட்டாங்க" என்று களத்துப் பெண்கள் சிரித்தார்கள். எனக்கும் அது ஒரு தோரணையாகத்தான் பட்டது. சனிக்கிழமை காலையில் அவர் காப்பியையும் தண்ணீரையும் நிறுத்தியிருந்ததைக் கவனித்தேன். விரதம் என்றார். எந்தச் சாமிக்கு என்று நான் கேட்கவில்லை. அது மரியாதை இல்லையே.

காருக்குக் கொண்டுவந்து காட்டப்பட்ட கொப்பரை எப்போதும் நல்ல கொப்பரையாகவே இருந்தது. களத்தின் மூலையில் கிடந்ததை யாரும் முறத்தில் அள்ளி வரவில்லை. ஈரக் கொப்பரை மெஷினுக்குப் போயிற்று. ஈரோட்டு வியாபாரி ஒருவர் எண்ணெய் காறுகிறது என்று டின்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். மில் ஆரம்பித்த நாளிலிருந்து அப்படி நடந்ததில்லை.

அந்த வாரம் சின்ன மாமனார் காருக்குப் பக்கத்தில் வந்து நின்றார். கார் அவ்வளவு தாழ்வு, அவர் முகம் அத்தைக்கு எங்கோ ஆகாயத்தில் இருந்தது. துணிக்கூரையை மடக்கி வைத்திருந்தோம். அவர் குனிந்து கதவின்மேல் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டு பேசினார்.

"இனி எதுக்குங்க அண்ணி இந்த அலைச்சல்? பையனும் வாரதாக் காணோம். ஒடம்பும் முந்தி மாதிரி இல்லீங்க. நீங்க ஊட்டுல இருங்க, மில்ல நானே பாத்துக்கறேனுங்க. வர்ற சனிக்கெழமை வியாபாரிக எல்லாரையும் ஆபீசுக்கு வரச் சொல்லியிருக்கறேன். வந்து ஒரு வார்த்தை சொல்லிப்போட்டீங்கன்னா ஆச்சு."

"ஆபீசுக்கா?" என்றார் அத்தை.

"ஆமாங்க. அத்தன பேரையும் காருகிட்ட நிக்கவெச்சுப் பேச முடியாதுங்களே" என்று சிரித்தார்.

அத்தை என்னிடம் வண்டியை எடுக்கச் சொன்னார். பல்லடம் தாண்டியதும் நான்தான் கேட்டேன். "நீங்க உள்ள வந்து நாலு வார்த்தை பேசியிருந்தா அவரு இப்படி சொல்லுவாருங்களா?" "பாக்கலாம் அம்மணி" என்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. மில்லை விட்டுக்கொடுக்க அவரே மனதுக்குள் முடிவு செய்துவிட்டார், நான்தான் வெட்டியாக ஓட்டிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை காரில் ஏதோ ஒரு சத்தம். காலேஜுக்குப் பக்கத்து மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். "நான் ஓட்டறேனுங்க மேடம், நீங்க இந்தப் பக்கம் உக்காந்து எங்க சத்தம் வருதுன்னு கேளுங்க" என்றார். அப்போதுதான் நான் அந்தக் காரின் இடது பக்கத்தில் முதல் தடவையாக உட்கார்ந்தேன். இத்தனை நாள் ஓட்டியும் அந்தப் பக்கம் உட்காரவேண்டிய தேவை எனக்கு வரவில்லை. ஒரு சுற்றுப் போய்விட்டுக் காலேஜ் கேட்டில் நிறுத்தினார். கதவைத் திறந்தேன். எழ முடியவில்லை.

முதலில் எனக்கு விளங்கவில்லை. வலது பக்கத்தில் தினமும் இறங்குகிறவள்தானே நான். சீட்டில் ஆழமாக இறங்கியிருந்தேன், முழங்கால் இடுப்பைவிட உயரத்தில் இருந்தது. காலை வெளியே போட்டால் தொடைக்குக் கீழே அந்த வரப்பு நின்றது. கையை ஊன்றலாம் என்றால் ஊன்ற ஓரம் இல்லை, வரப்பின் சரிவில் கை வழுக்கியது. எதையாவது பிடித்து எழலாம் என்று கையை முன்னால் நீட்டினேன். முன்னால் ஒன்றும் இல்லை. வலது பக்கத்தில் என் கை தானாகப் போய்ப் பிடிப்பது ஸ்டியரிங்கை. தினமும் அதைப் பிடித்து இழுத்துத்தான் நான் எழுந்துகொண்டிருந்திருக்கிறேன், எனக்கே தெரியாமல். மெக்கானிக் சுற்றி வந்து, "புடிச்சுக்குங்க மேடம்" என்று கையை நீட்டினார். நான் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

எழுந்து நின்றபோதுதான் ஆறிப்போன காப்பி ஞாபகம் வந்தது. ஆணி வைத்த இடுப்போடு அவர் அன்றும், பிறகு ஒவ்வொரு சனிக்கிழமை திரும்பி வந்து நான் உள்ளே போன பிறகும், வாசலில் தனியாக எத்தனை தடவை முயன்று பார்த்தாரோ. காலையில் காப்பி குடிக்காததற்கும் எந்தச் சாமியும் காரணம் இல்லை. மில்லில் போய் ஒதுங்குவதற்கென்று ஒரு தடவை இறங்க வேண்டி வந்துவிடக்கூடாதே என்பதுதான் காரணம்.

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. வகுப்பில் அன்று நான் போட்ட கணக்கு தப்பாகி, மாணவன் ஒருவன் எழுந்து சொன்னான், அவன்மேலும் எரிந்து விழுந்தேன். சாயங்காலம் வீட்டுக்குள் செருப்போடு நுழைந்தேன்.

"சீட்டு உங்களுக்கு ஆகலீன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்லங்க அத்தை?"

அத்தை வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"நீ தலகாணி வெச்சுட்டு ஓட்டுனத நான் பாக்கலீன்னு நெனைச்சயா? இப்பத்தான் நீ நெளியாம உக்காந்து ஓட்டற. நீயா ஆசப்பட்டுப் போட்ட சீட்டு. அதைய நான் கழட்டச் சொல்றதா?"

"மில்லு போயிருமேங்க."

"போனாப் போகுதுன்னு நெனைச்சேன்" என்றார். அதைச் சொல்லும்போது குரல் ஒரு மாதிரி ஆகிவிட்டது. நானும் உட்கார்ந்து ஒரு வெங்காயத்தை எடுத்து உரித்தேன். கண்ணில் வந்தது வெங்காயத்தால் என்று இரண்டு பேரும் வைத்துக்கொண்டோம்.

மறுநாள் காலேஜுக்கு லீவு சொல்லிவிட்டு அத்தையை உக்கடத்துக்குக் கூட்டிப்போனேன். பழைய சீட்டுகள் கைமாறிவிட்டிருந்தன. கடைக்காரர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, காரின் இடது பக்கம் கையை நீட்டினார், "வாங்கம்மா" என்று. அத்தை என்னைப் பார்த்தார். நான் கடைக்காரரை உள்ளே வேறு என்னென்ன சீட்டு இருக்கிறது என்று பார்க்க அனுப்பினேன். அவர் போனதும் அத்தை என் கையைப் பிடித்து எழுந்தார். நான் என்பதால் பிடித்தார் போலிருக்கிறது.

கடைக்கு முன்னால் ரோட்டோரத்தில் சீட்டுகளை வரிசையாக வைத்தார்கள். அடியில் செங்கல் கொடுத்து, காரின் உயரத்துக்குச் சரியாக வைக்கச் சொன்னேன். அத்தை ஒவ்வொன்றாக உட்கார்ந்தார். நான் பார்த்த எதையும் அவர் பார்க்கவில்லை. முதுகு சாய்கிறதா, துணி எப்படி, நிறம் என்ன, ஒன்றும் கேட்கவில்லை. சீட்டின் ஓரத்தை மட்டும் கொப்பரையை அழுத்திப் பார்ப்பது மாதிரி உள்ளங்கையால் அழுத்திப் பார்ப்பார். அமுங்கினால் வேண்டாம். உட்கார்வார், காலைத் திருப்புவார், எழுந்திருப்பார். போகிற வருகிறவர்கள் நின்று பார்த்தார்கள். இந்த வயதில் என்ன விளையாட்டு என்று நினைத்திருப்பார்கள். கடைக்காரர் ஒவ்வொரு சீட்டுக்கும் "நல்லா இருக்குதுங்கம்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அத்தை அவரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு அடுத்ததற்குப் போனார்.

கடைசியில் அவர் எடுத்தது, கறிகாய் ஏற்றிய ஒரு பழைய வேனின் முன்சீட்டு. காவி ரெக்சின், ஓரத்தில் ஒரு கிழிசல், மனைப்பலகை மாதிரித் தட்டை. ஒடுக்கமாக இருந்ததால் உள்ளே இறங்கியது. ஜமுக்காளமும் அதன்மேல் அழகாகப் படிந்தது. டேஷ்போர்டில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி வைத்துத் தரட்டுமா என்று கடைக்காரர் கேட்டார். "வேண்டாமுங்க. கம்பி வெச்சா எதுக்குன்னு கேப்பாங்க" என்றார் அத்தை. வலது பக்கம் கறுப்பில் ஸ்போர்ட்ஸ் சீட்டு, இடது பக்கம் காவி ரெக்சினில் வேன் சீட்டு. வெள்ளிக்கிழமை போனில் கணவரிடம் சொன்னேன். நடுவில் லைன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன்.

சனிக்கிழமை காலையில் அத்தை இரண்டு தம்ளர் காப்பி குடித்தார். மில்லுக்குள் நுழைந்தபோது ஆபீஸ் வாசலில் செருப்புகள் நிறையக் கிடந்தன. சின்ன மாமனார் வந்தார். வழக்கம்போலக் கதவின்மேல் முழங்கையை ஊன்றினார்.

"எல்லாரும் வந்துட்டாங்க அண்ணி. நீங்க இங்கயே இருங்க, நான் வேணா..."

"கொஞ்சம் தள்ளிக்குங்க தம்பி" என்றார் அத்தை.

அவர் தள்ளி நின்றார். கதவு திறந்தது. இரண்டு கால்களும் ஒன்றாக வெளியே வந்தன. உள்ளங்கை ஓரத்தில் ஊன்றியது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் என் கை நீண்டுவிடுமோ என்று பயம். திரும்பியபோது அத்தை நின்றுகொண்டிருந்தார். அவர் உயரமான பெண். இத்தனை வாரம் மில்லில் அவரை உட்கார்ந்தபடியே பார்த்ததில் நானே அதை மறந்திருந்தேன். சின்ன மாமனார் அவர் தோள் உயரம்தான் இருந்தார்.

அத்தை ஆபீசுக்குப் போகவில்லை. செருப்பை விட்டுவிட்டு நேராகக் களத்துக்குள் இறங்கி, கிழக்கு மூலைக்குப் போய், குனியாமல் காலால் கிளறினார். மேஸ்திரியிடம் ஒன்றை எடுத்துத் தரச் சொன்னார். முறித்துப் பார்த்தார். வளைந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டே ஆபீசுக்குள் போனார். வியாபாரிகள் எழுந்து நின்றார்கள். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. வெளியே வந்தபோது ஈரோட்டு வியாபாரி கூடவே கார் வரைக்கும் வந்தார். அன்று களத்தில் யாருக்கும் டீ கிடைக்கவில்லை. சின்ன மாமனார் குரலை உயர்த்தாமல், "பாத்துப் போங்க அண்ணி" என்றார். அதற்குப் பிறகும் பல வருஷம் அத்தைதான் மில்லை நடத்தினார்.

திரும்பும்போது நல்ல வெயில், ரோடு காலியாகக் கிடந்தது. எனக்கு மனசு லேசாக இருந்ததில் கொஞ்சம் வேகமாகவே ஓட்டினேன். காங்கேயத்துக்கு வெளியே இடது பக்கம் ஒரு பெரிய வளைவு வரும். என் சீட்டு என்னை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டது, அதற்குத்தானே வாங்கினேன். வேன் சீட்டில் வரப்பு இல்லை. அத்தை அப்படியே ரெக்சினில் வழுக்கி வந்து என் தோளில் சாய்ந்தார். நிமிர்ந்து உட்கார்ந்து சேலையைச் சரிசெய்தார். அடுத்த வளைவில் மறுபடி வந்து சாய்ந்தார்.

"இந்தச் சீட்டு நல்லாவே இல்ல அம்மணி" என்றார். "வளையறப்ப எல்லாம் உம் மேல வந்து உழுகறேன்."

கல்யாணம் ஆகி அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அத்தை என் முகத்துக்கு நேராகச் சொன்ன முதல் குறை அது. எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. "அப்படிங்களா அத்தை" என்றேன். பொங்கலூருக்கு முன்னால் இன்னொரு வளைவு இருந்தது. நான் வேகத்தைக் குறைக்கவில்லை.